13 வார நர்ஸுக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் ‘டிராவல் நர்ஸ்’ என்றால், ஏஜென்சி வழியாக ஏதோ ஓர் ஊர் மருத்துவமனைக்குப் போய், பெரும்பாலும் 13 வாரம் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புபவர். கொரோனா காலத்தில் இவர்களின் சம்பளம் எகிறியதைப் பார்த்து, நிரந்தர வேலையை விட்டு வந்தவர்கள் பலர்.

புது இடத்தில் அறிமுகப் பயிற்சி சில சமயம் ஒரே ஒரு ஷிப்ட்தான். மருந்துப் பெட்டியின் பாஸ்வேர்டு இன்னும் வந்திருக்காது. அவசரகால வண்டி எந்த மூலையில் நிற்கிறதென்று யாரையாவது கேட்க வேண்டும். ஆள் குறைந்த வார்டுக்கு முதலில் தள்ளிவிடப்படுவதும் பெரும்பாலும் இவர்தான். ‘ஃப்ளோட்’ என்பார்கள். ஐசியூவில் நோயாளி இறந்தால், அந்த வார்டுக்காரர்கள் விடிகாலையில் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஆறுவார்கள். உடனிருந்து பார்த்துக்கொண்ட டிராவல் நர்ஸோ அதற்குள் வேறு மாடியில், வேறு ஐந்து நோயாளிகளோடு நிற்பார். அறைக்குத் திரும்பினாலும் பேச ஆளில்லை.

வேலைப்பளுவால் வரும் ‘பர்ன்அவுட்’டை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையிடம் சார்ந்த பிரச்சினையாக வரையறுத்தது, நோயாக வகைப்படுத்தவில்லை. பிறர் துயரத்தைச் சுமந்து சுமந்து மனம் மரத்துப்போவது பரிவுச் சோர்வு. 1992-லேயே கார்லா ஜாய்ன்சன் என்ற நர்ஸ் இதைப் பற்றி எழுதிவிட்டார். நோயாளியின் பெயர் மறைந்து ‘12-ஆம் பெட்’ ஆகிவிடும். அழும் உறவினரைக் கண்டால் எரிச்சல் வரும். ஷிப்டுக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசையும்.

யோகா செய், நன்றாகத் தூங்கு என்று அறிவுரை சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் பாதிச் சோர்வு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும்போது யோகா என்ன செய்யும்? கையெழுத்துப் போடுமுன் சிலவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்: எந்தெந்த வார்டுகளுக்கு மட்டும் ஃப்ளோட், ஷிப்டை மருத்துவமனையே ரத்து செய்தால் சம்பளம் உண்டா, உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள். ஏஜென்சிக்காரர் போனில் தரும் வாக்குறுதியை நம்பி விமானம் ஏறக்கூடாது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகள், பொது வார்டில் 5 பேர் என்பதே உச்சவரம்பு. டெக்சாஸில் ‘சேஃப் ஹார்பர்’ உண்டு. கொடுத்த வேலை நோயாளிக்கு ஆபத்து என்று நர்ஸ் நல்லெண்ணத்தோடு கருதினால், எழுத்தில் பதிவு செய்யலாம். அதற்காக நிர்வாகம் பழிவாங்கவோ லைசென்ஸில் கைவைக்கவோ முடியாது.

மத்திய அரசின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு தருகிறது. ஆனால் ஒரே முதலாளியிடம் மொத்தம் 12 மாதமும், கடைசி ஓராண்டில் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏஜென்சி மாறுபவருக்கு அந்தக் கணக்கு சேரவே சேராது. நூறு டாலர் கூட வருகிறதே என்று மாறுமுன் இதை யோசிக்கலாம். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே ஓரிரு வாரம் ஓய்வு எடுப்பது அவசியம். அந்த இடைவெளியில் மருத்துவக் காப்பீடு தொடருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

உதவி கேட்டால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் பலரை ஊமையாக்குகிறது. நியூயார்க் மருத்துவர் லோர்னா பிரீன் 2020-ல் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவர் பெயரிலேயே 2022-ல் ஒரு சட்டம் வந்து, மருத்துவப் பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கியது. லைசென்ஸ் விண்ணப்பத்தில் இருப்பது பழைய சிகிச்சை பற்றிய கேள்வியா, இப்போது வேலையைப் பாதிக்கும் குறை பற்றியதா என்று வரிவரியாகப் படித்துப் பார்த்துப் பதில் எழுத வேண்டும்.

மருத்துவமனையின் மனநல ஆலோசனைச் சேவை அதன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் என்றால், ஏஜென்சியில் அப்படி ஒன்று உண்டா என்று முதல் வாரமே விசாரிப்பது நல்லது. நள்ளிரவில் மனம் தாங்காமல் போனால் 988 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஏஜென்சிக்குத் தகவல் போகாது.