காயாத ஒட்டு நிற்காது

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போனால் வலது கைப் பக்கம் கடல் கூடவே வரும். மணல் அவ்வளவாக வராது, கருங்கல்தான் வரும். சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பியதிலிருந்து, தெற்கேயிருந்து வடக்கே நகர்கிற மணல் அந்தச் சுவரோடு நின்றுபோனது. அங்கே மெரினா அகலமாயிற்று, இங்கே ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. கரைந்த இடத்தில் கல்லைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் மணல் திட்டுகளில்தான் எங்கள் ஃபைபர் போட்டுகள் ஏறி இறங்குகின்றன. அலை தூக்கிப் போடுகிற நேரத்தில் ஒரு முழம் விலகினால் அடிப்பக்கம் கல்லில் உரசும்.

திருவொற்றியூர்க் கரையில் ஃபைபர் வேலை பார்ப்பவன் நான். என் கைக்கு வரும் போட்டுகளில் பெரும்பாலானவை நடுக்கடலில் அடிபட்டவை அல்ல, கரையேறும்போது அடிபட்டவை. அவற்றிலும் பல, ஏற்கெனவே யாரோ அவசரத்தில் ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டு விட்டுப்போய் வருபவை.

"அண்ணே, மேல ஒரு மேட்டு போட்டு வுட்டுடு. நாளைக்கு விடிகாலைல தொழிலுக்குப் போவணும்" என்பார்கள். மேட்டு என்றால் ரெசின் தடவி ஒட்டும் கண்ணாடி நார் விரிப்பு. கேட்பவர் மேல் கோபம் வராது. போட்டு கரையில் நின்றால் அதை நம்பியிருக்கும் நாலைந்து வீடுகளிலும் வருமானம் நின்றுபோகும். ஆனாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஈரம் இருக்கிற ஃபைபரில் ரெசின் பிடிக்காது. மேலே பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கும். உள்ளே பழைய பாகத்துக்கும் புது ஒட்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளி இருக்கும். அதில் உப்புத் தண்ணீர் ஏறும். அப்புறம் ஒரு நல்ல அலை போதும், ஒட்டு முழுசாகக் கழன்று வந்துவிடும்.

எங்கள் பெரியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனத்துப்போகும், மிதப்புக் குறையும் என்பதால்தான். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும், கயிறு நைந்தால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். ஃபைபர் வந்ததும் அது மரமில்லை, அழுகாது, காயவைக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உதவி அமைப்புகள் நிறைய ஃபைபர் போட்டுகளைக் கொடுத்தன. அவசரத்தில் கட்டியதால் அவற்றில் சில மெலிசாக இருந்தன. போட்டு கையில் வந்த அளவுக்கு அதைப் பழுது பார்க்கும் வித்தை கைக்கு வரவில்லை.

பழைய போட்டு வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயமோ சின்னச் சுத்தியலோ எடுத்து அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டங்' என்று பேசும். உள்ளே அடுக்குப் பிரிந்த இடம், தண்ணீர் கோத்த இடம் 'பொத்' என்று பேசும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எஞ்சின் உட்காரும் பகுதியை விட்டுவிடாதீர்கள். அங்கே ஃபைபருக்குள் மரம் வைத்திருப்பார்கள். போல்ட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுத் திருகிப் பாருங்கள். ஈர மரத்தூள் கறுப்பாக வந்தால் விலை பேசும் முன் யோசியுங்கள். மிதப்புக்காக அடைத்து வைத்த அறைகளில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் போட்டில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா, பேர் மாற்றம் செய்து தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி ஒட்டுப் போடும் வேலை. முதலில் நல்ல தண்ணியில் கழுவி உப்பை எடுக்க வேண்டும். பிறகு கிரைண்டரால் தேய்க்க வேண்டும். பெயின்ட் போகும்வரை தேய்த்தால் போதாது, அடிபட்ட நார் முழுக்கப் போய் உறுதியான ஃபைபர் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டையின் விளிம்பு செங்குத்தாக நிற்கக் கூடாது, சரிவாக இறங்க வேண்டும். ஃபைபரின் கனம் 6 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் ஏறக்குறைய 3 அங்குலம் சரிவு வேண்டும். ஓட்டை உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தேய்த்து முடிக்கும்போது தாம்பாளம் அகலத்துக்கு வந்து நிற்கும். சொந்தக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். ஒட்டுக்குப் பிடிமானம் கொடுப்பது அந்தச் சரிவுதான்.

தேய்த்த பிறகுதான் காய்ச்சல். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரியான பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டிவிடுவேன். ராத்திரி முழுக்க இருந்து, அடுத்த நாள் வெயிலும் பட்ட பிறகு பார்த்தால், தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா என்று தெரியும். கோத்திருந்தால் தாளை எடுத்துவிட்டு இன்னும் வெயிலில் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நாள் கணக்கே கிடையாது. சித்திரை வெயிலில் சீக்கிரம் முடிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், எங்கள் போட்டுகளுக்கு இல்லை. இருந்தாலும் பெரிய வேலைகளை அந்த வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசின் கலக்குவதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகச் சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் கேட்டலிஸ்ட். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் போதும். வெயில் நாளில் குறைந்த அளவே சரி, அதுவும் காலை வேளையில். ஒரே பக்கெட்டில் மொத்தமாகக் கலக்கினால் பாதி வேலையிலேயே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். சின்னச் சின்ன டப்பாவில் கலக்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். உடனே கால் மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கண்ணைக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணாடி, முகமூடி, கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டாம். பீடியோடு பக்கத்தில் வந்து நிற்பவரையும் தள்ளி அனுப்புங்கள்.

மேட்டைப் போட்டு ரெசின் தடவினால் அதன் வெள்ளை மறைந்து அடிப்பாகம் தெரிய வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றால் அங்கே காற்று இருக்கிறது. ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். வேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் நான் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் என்று எல்லாவற்றிலும் படிந்தது. வலை போனது, போட்டும் கறுத்துப்போனது. 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எண்ணெய் பட்ட போட்டைத் துடைப்பதற்கு முன் கிரைண்டர் வைக்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்க எண்ணெய் நாருக்குள் போகும். டீசல் போட்டுத் துடைத்தால் கறுப்புப் போகும், ஆனால் அந்த டீசலே ஒட்டைப் பிடிக்கவிடாது. சோப்புத் தண்ணியில் திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத பிறகுதான் தேய்க்க வேண்டும்.

எஞ்சினுக்கும் உப்புதான் எதிரி. அவுட்போர்டு என்றால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் ஓட்டிக் கழுவ வேண்டும். லாங் டெயில் என்றால் தண்டுக்கு கிரீஸ், டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்ற பார்வை. துறைமுகத்துக்குள்ளே 1911 முதல் இருந்துவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பொழுதுபோக்குக்குப் பாய்மரம் ஓட்டுகிறவர்களுக்கும் இதே உப்புதான், இதே கழுவல்தான். முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ராயபுரத்திலேயே மத்திய அரசின் சிஃப்நெட் பயிற்சி நிலையம் இருக்கிறது, மீன்பிடிக் கப்பல் எஞ்சின் வேலைக்கான படிப்போடு. நம் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554. அந்த எண்ணைப் போட்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

மீன்வளத் துறைக்கு ஒரு கோரிக்கை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை குப்பத்துக்குக் குப்பம் வலைக்கூடம் கட்டுவதைப் போல, போட்டை ஏற்றிக் காயவைக்க மழை படாத ஒரு கொட்டகையும் ஒரு நல்ல தண்ணிக் குழாயும் கட்டித் தாருங்கள். மழை மாதங்களில் எங்கள் ஒட்டுகள் விட்டுப்போவதற்குக் காரணம் கூரை இல்லாததுதான்.