விளக்குக்கு ஒரு மரக்கை

ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையை அறியாதார் இலர். சுற்றுப்புறச் சிற்றூர்களில் விளையும் முருங்கையும் கத்தரியும் வெண்டையும் தக்காளியும் அங்கே வந்து குவிந்து, லாரிகளில் ஏறி, மலை கடந்து கேரளம் செல்லுகின்றன. அச்சந்தையை நம்பி வாழும் குடும்பங்களில் வேலைக்கு ஒரு நேரம், உறக்கத்துக்கு ஒரு நேரம் என்னும் வரையறை கிடையாது. சுமை தூக்கிக் களைத்த தந்தை முன்னிரவில் கண்ணயர விரும்புகிறார். அதே அறையில், அதே வேளையில், பத்தாம் வகுப்பு மகள் தேர்வுக்குப் படிக்க வேண்டும். அறைக்கு இருப்பதோ ஒரே குழல்விளக்கு. அதை ஏற்றினால் தந்தையின் உறக்கம் கெடுகிறது. அணைத்தால் மகளின் படிப்பு நின்றுபோகிறது. இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் மாலைகளில் இந்தச் சிறு பூசலை நாம் பன்முறை கண்டிருக்கிறோம்.

குடியிருப்பதோ வாடகை வீடு. சுவரை வெட்டிப் புதிய மின்கம்பி பதிக்க வீட்டுக்காரர் இசையமாட்டார். மேற்கூரையில் கொக்கி அடிக்கவும் வழியில்லை. இத்தகைய வீடுகளுக்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. சுவரிலிருந்து நீளும் ஒரு மரக்கை. அதன் நுனியில் தொங்கும் ஒரு விளக்கு. அவ்விளக்கின் வயரை ஏற்கெனவே உள்ள பிளக்குத் துளையில் செருகிக்கொண்டால் போதும். வீட்டை மாற்றும்போது கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லலாம். அதைச் செய்யும் முறையை இங்கே விரித்துரைக்க விழைகிறோம்.

பழையதொரு பழக்கம்

விளக்கைச் சுவரோடு சேர்த்து வைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. மண்சுவரில் மாடக்குழி அமைத்து அகல் வைத்தனர் நம் முன்னோர். பின்னர் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வந்தன; அவை உத்தரத்து ஆணியிலும் சுவர் முளையிலும் தொங்கின. நம் ஆலயங்கள் பலவற்றில் நற்கருணைப் பேழையருகே எரியும் அணையா விளக்கும் சுவரிலிருந்து நீளும் ஒரு கையில் தொங்குவதே. 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் நீர்மின்சாரம் தரத் தொடங்கிய பின், சிறுகச் சிறுக மின்விளக்கு நம் வீடுகளுக்குள் வந்தது. வந்தது கூரையின் நடுவிலோ சுவரின் உச்சியிலோ ஏறி அமர்ந்துகொண்டது. அறை முழுவதும் ஒளி பெற்றது. படிக்கும் ஏட்டின் மீதோ குனிந்திருக்கும் பிள்ளையின் நிழலே விழுந்தது.

ஒளியின் இயல்பு ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். விளக்கின் தொலைவு பாதியானால் ஏட்டின் மீது விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அரை மீட்டருக்கு விளக்கை இறக்கினால், அதே விளக்கு பதினாறு மடங்கு வெளிச்சம் தரும். ஆகவே பெரிய விளக்கு வேண்டியதில்லை; சிறிய விளக்கை அருகே கொண்டுவந்தால் போதும்.

எந்த மரம்?

நம் பகுதி முருங்கைக்குப் பெயர் பெற்றது. ஆயினும் முருங்கை மரம் இவ்வேலைக்கு உதவாது. அது மென்மையானது, எளிதில் ஒடிவது. தேக்கு மிக நன்று, விலைதான் மிகுதி. பூவரசு கடினமானது, உழைக்கவல்லது. வேம்பைக் கரையான் எளிதில் அணுகாது. ஆயினும் பச்சையாக அறுத்த வேம்பு காயும்போது முறுக்கிக்கொள்ளும். எந்த மரமாயினும் நன்கு காய்ந்திருத்தல் வேண்டும். பழைய மரக்கடையில் கிடைக்கும் உடைந்த கதவுச் சட்டமோ சன்னல் சட்டமோ இதற்கு மிகவும் ஏற்றது. ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரமாதலால் அது இனி வளையாது. அதனுள் பழைய ஆணி ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே ரம்பத்தை வைக்க வேண்டும்.

உறுப்புகள் மூன்று

ஒன்று, சுவர்ப்பலகை: நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 7, கனம் 2.5. இரண்டு, கைக்கட்டை: நீளம் 42.5, உயரம் 4, கனம் 2.5. மூன்று, இவ்விரண்டையும் சாய்வாக இணைக்கும் முட்டுக்கட்டை: இதுவும் 4க்கு 2.5 அளவுள்ளது, நீண்ட பக்கம் ஏறத்தாழ 28.3 சென்டிமீட்டர். மூன்றிலும் மரத்தின் நாரோட்டம் நீளவாக்கில் செல்ல வேண்டும்.

இந்த அளவுகளுக்குக் காரணம் உண்டு. நுனியில் தொங்கும் விளக்கு, பலகையின் அடிப்பகுதியைச் சுவரோடு அழுத்துகிறது; மேற்பகுதியைச் சுவரிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கிறது. விளக்கு சுவர்ப்பலகையிலிருந்து 37 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது என்போம். மேல் திருகு பலகையின் அடிவிளிம்பிலிருந்து 36.5 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. அப்படியானால் ஒரு கிலோ எடையுள்ள விளக்கு மேல் திருகுகளை ஏறத்தாழ ஒரு கிலோ அளவே இழுக்கும். மரத்தை மிச்சப்படுத்த எண்ணிப் பலகையை 10 சென்டிமீட்டராகக் குறைத்தாலோ, அதே விளக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இழுக்கும். கை நீளமாகவும் பலகை குட்டையாகவும் இருக்கும் தாங்கிகள் சில மாதங்களில் சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுவது இதனாலேயே.

செய்யும் முறை

சுவர்ப்பலகையின் மேல்விளிம்பிலிருந்து 7 சென்டிமீட்டர் இறங்கி, அகலத்தின் நடுவே, உயரம் 4, அகலம் 2.5 சென்டிமீட்டர் கொண்ட ஒரு துளைக்குப் பலகையின் இருபுறமும் கோடிடுக. கோட்டுக்குள் வரிசையாகத் துளைகளிட்டு, எஞ்சியதை உளியால் செதுக்கி எடுக்கலாம். ஒரே பக்கத்திலிருந்து செதுக்கினால் மறுபக்கம் பிசிறாகப் பெயரும். எனவே பாதியை முன்புறமிருந்தும் பாதியைப் பின்புறமிருந்தும் செதுக்க வேண்டும். கைக்கட்டையின் முனை அத்துளையில் கையால் அழுத்தினால் இறுக்கமாக நுழைய வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பலகை பிளந்துவிடும்.

முட்டுக்கட்டையின் இரு முனைகளையும் 45 பாகைச் சாய்வில் அறுத்துக்கொள்க. பலகைக்கும் கைக்கட்டைக்கும் இடையிலுள்ள மூலையிலிருந்து இருபுறமும் 20 சென்டிமீட்டரில் அதன் வெளிவிளிம்பு வந்து பொருந்தும். மூலைமட்டம் இல்லாதவர்கள் தச்சர்களின் பழைய கணக்கைக் கையாளலாம். மூலையிலிருந்து பலகையில் 12 சென்டிமீட்டரிலும் கையில் 16 சென்டிமீட்டரிலும் புள்ளியிட்டு, அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே அளக்க வேண்டும். சரியாக 20 சென்டிமீட்டர் வந்தால் மூலை நேர்கோணமே.

எல்லாம் பொருந்தியதைக் கண்ட பின்னர், இணைப்புகளில் மரப்பசை தடவிச் சேர்க்கலாம். பலகையின் பக்கவாட்டிலிருந்து கைக்கட்டையின் ஊடே 6 மில்லிமீட்டர் துளையிட்டு, ஒரு மூங்கில் ஆணியைப் பசையோடு செலுத்தினால் கை என்றும் வெளியே நழுவாது. முட்டுக்கட்டைக்கு இரண்டு திருகுகள் போதும்: ஒன்று கைக்கட்டையின் மேலிருந்து கீழாக, மூலையிலிருந்து 17 சென்டிமீட்டரில், மற்றொன்று பலகையின் பின்புறமிருந்து, அதே 17 சென்டிமீட்டர் கீழே. திருகுக்கு முன்னர் மெல்லிய துளையிடுதல் வேண்டும். காய்ந்த மரம் திருகுக்கு வழிவிடாது, பிளந்துபோகும். ஓர் இரவு முழுவதும் பசை காயட்டும்.

கையின் நுனியிலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, வயர் நுழையுமளவுக்கு ஒரு துளையிட்டு, அதன் விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்க வேண்டும். கூரான விளிம்பு நாளடைவில் வயரின் உறையை அரித்துவிடும். இங்கே பலர் மறப்பது ஒன்றுண்டு: துளை வழியே வயர் நுழையும், பிளக்கு நுழையாது. ஆகவே வயரை முதலில் நுழைத்து, அதன் பின்னரே பிளக்கைப் பூட்ட வேண்டும்.

சுவரில் பொருத்துதல்

பலகையின் மேல்விளிம்பிலிருந்து 3.5 சென்டிமீட்டரில் இரண்டு திருகுகளும், அடியில் ஒன்றும் வேண்டும். பலகையையும் பூச்சையும் கடந்து செங்கல்லுக்குள் செல்ல மூன்று அங்குலத் திருகு தேவை. சுவரில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகியோ, மர ஆப்பு அடித்தோ திருகை முடுக்கலாம். திருகு பூச்சோடு நின்றுவிட்டால் பயனில்லை. மண்சுவராயின் இம்முறை ஆகாது. அங்கே மர நிலையிலோ தூணிலோ பொருத்துவதே தகும். சுவிட்சுப் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் ஒருபோதும் துளையிடலாகாது. சுவருக்குள் மின்கம்பி பெரும்பாலும் அவ்வழியே செல்லும்.

கைக்கட்டை தரையிலிருந்து ஆறடி உயரத்தில், நடமாட்டமில்லாத மூலையில் இருக்கட்டும். இல்லையேல் தலையில் இடிக்கும். தரையில் அமர்ந்து சாய்மேசையில் படிக்கும் பிள்ளைக்கு, விளக்கின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடியில் தொங்கினால் ஏட்டின் மீது நல்ல வெளிச்சம் விழும். பல்பு நேராகக் கண்ணில் படாதவாறு ஆழமான மூடி வேண்டும். அம்மூடியே உறங்குவோரின் கண்களையும் காக்கும். வலக்கையால் எழுதுவோர்க்கு இடப்பக்கமிருந்தும், இடக்கையால் எழுதுவோர்க்கு வலப்பக்கமிருந்தும் ஒளி வரவேண்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தை மறைக்காது.

உயிரோடு விளையாடலாகாது

மரவேலையில் நேரும் பிழை மரத்தோடு போகும். மின்வேலையில் நேரும் பிழை உயிரைக் கொண்டுபோகும். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். வயர், ஹோல்டர், பிளக்கு மூன்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவையாக இருக்கட்டும். நடுவில் ஒட்டுப்போட்ட வயரை இதற்குப் பயன்படுத்தலாகாது. விளக்கின் எடை ஹோல்டருக்குள் உள்ள செம்புக்கம்பிகளில் தொங்கக்கூடாது. ஹோல்டர் மூடிக்குள் வயரில் ஒரு முடிச்சிட்டால் எடையை முடிச்சே தாங்கும். கைக்கட்டையின் மேல் வயரைப் பிளாஸ்டிக் கிளிப்பினால் பிடிக்கச் செய்க. ஆணியை வளைத்து அடித்தால் அது உறையைக் கிழித்துவிடும். விளக்கின் மூடி தகரமோ பித்தளையோ ஆனால் மூன்று கம்பி வயரும் மூன்று முனைப் பிளக்கும் கட்டாயம். மூன்றாவது கம்பி மூடியின் உலோகத்தோடு இணைந்து நிலத்தொடர்பு பெறவேண்டும். இவ்விணைப்புகளைச் செய்து பழகாதவர்கள், மரவேலையைத் தாமே முடித்து, வயர் பூட்டுவதை மின்பணியாளரிடம் விடுவதே அறிவுடைமை.

பல்பை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஈரக் கையோடு தொடலாகாது. தவழும் குழந்தையுள்ள வீட்டில், படித்து முடித்ததும் தொங்கும் வயரைச் சுருட்டிக் கையின் மேல் ஏற்றிவிடுதல் நன்று. வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி இருக்குமாயின் அது பெருந்துணை.

பழைய 60 வாட் குண்டுபல்பு கடுமையாகச் சூடேறும். மரத்துக்கும் துணி மூடிக்கும் அது ஆகாது. ஏறத்தாழ அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால், முப்பது நாளில் குண்டுபல்புக்கு 7.2 யூனிட் செலவாகும், எல்.இ.டி. பல்புக்கு ஒரு யூனிட்டும் சற்றுமே.

வீடு மாறும் நாளில் தாங்கியைக் கழற்றி, மூன்று துளைகளையும் வெள்ளைச் சிமெண்டால் அடைத்துத் தேய்த்துவிட்டால் சுவர் பழையபடியாகும். வீட்டுக்காரரோடு மனத்தாங்கலுக்கு இடமிராது.

இது இரண்டு நாள் வேலை. கடைகளில் வண்ண வண்ணமாய் மேசைவிளக்குகள் கிடைக்கின்றன என்பதை அறிவோம். ஆயினும், தந்தை மரத்தைப் பிடித்துக்கொள்ள மகள் ரம்பம் இழுத்து, மகன் உப்புத்தாள் தேய்த்து, தாய் இடம் பார்த்துச் சொல்லிச் செய்த விளக்கில் ஓர் உரிமை உண்டு. அதை அவர்கள் போற்றிப் பாதுகாப்பார்கள். பழுதானால் தாமே திருத்துவார்கள். தந்தை அமைதியாக உறங்க, மகள் நிம்மதியாகப் படிக்க, ஒரே அறையில் இருவருக்கும் இடம் உண்டு என்பதைத் தேர்வுக் காலம் நெருங்குமுன் நம் குடும்பங்கள் செய்து பார்க்கட்டும்.