நகர வடிவமும் அதனை ஆராயும் உலகச் சங்கமும்



ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டுமன்று. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வடிவம் உண்டு. மதுரையின் வீதிகள் மீனாட்சியம்மன் கோயிலை நடுவே கொண்டு சதுரம் சதுரமாக அமைந்துள்ளன. நமது ஹட்டன் நகரமோ 1884ஆம் ஆண்டு புகையிரதம் வந்து சேர்ந்தபின், நிலையத்தையும் பாதையையும் பற்றிக்கொண்டு வளர்ந்தது. முன்னதை ஆக்கியது வழிபாடு. பின்னதை ஆக்கியது வாணிகம். இவ்வாறு ஊரின் உருவத்தைக் கொண்டே அதன் வரலாற்றை அறியும் கல்வியை நகர உருவியல் என்பர். இக்கல்விக்கென ஓர் உலகச் சங்கம் இருக்கின்றது. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடத்தப்படுகின்றது, மலையகத்தவராகிய நமக்கு அதனால் ஆவது யாது என்பவற்றை இன்று நோக்குவோம்.

பெர்லினில் 1907இல் பிறந்து, 1933இல் இங்கிலாந்து சென்று குடியேறியவர் கொன்சன் என்னும் புவியியலறிஞர். அவர் வட இங்கிலாந்திலுள்ள அனிக் என்னும் சிற்றூரை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 1960இல் ஒரு நூலை வெளியிட்டார். ஊரின் தரைப்படத்தை அவர் மூன்று உறுப்புகளாகப் பகுத்தார். முதலாவது தெரு, இரண்டாவது மனை, அதாவது ஒவ்வொரு குடிக்கும் உரிய நிலத்துண்டு, மூன்றாவது அம்மனைமீது நிற்கும் கட்டடம். கட்டடம் இடிந்து மீண்டும் எழலாம். தெருவும் மனையெல்லையும் அத்துணை எளிதில் மாறா. ஆதலால் பல நூற்றாண்டுப் பழமையை அவற்றிலே படிக்கலாம் என்பது அவர் கண்ட உண்மை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1959இல், இத்தாலியரான முரத்தோரி என்னும் கட்டடக் கலைஞர் வெனிஸ் நகரைப் பற்றித் தம் ஆய்வை வெளியிட்டார். பின்னர் பிரான்சிலே வெர்சாய் நகரில் மற்றொரு குழுவினர் இத்துறையில் ஈடுபட்டனர். ஆயினும் இம்மூவகையினரும் நெடுங்காலம் தனித்தனியே உழைத்து வந்தனர். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். மற்றவர் இத்தாலிய மொழியில் எழுதினார். வேறொருவர் பிரெஞ்சில் எழுதினார். பொருள் ஒன்றாயினும் சொல் வேறாயிருந்தது. அடுத்த வீட்டில் விளக்கு எரிவது அறியாமல் இருளில் தடவியவரை ஒத்தது அவர்தம் நிலை.

இந்நிலையை மாற்றும் பொருட்டு 1994இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் பல நாட்டு அறிஞர் கூடினர். அக்கூட்டத்திலிருந்து வளர்ந்ததே பன்னாட்டு நகர வடிவக் கருத்தரங்கம் என்னும் சங்கம். 1997இல் அதன் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வைற்ஹாண்ட் அதன் முதல் ஆசிரியராகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பைத் தாங்கினார்.

இத்தகைய சங்கத்தை நடத்துவதில் மூன்று கடமைகள் தலையாயவை. முதலாவது, சொற்களை ஒழுங்கு செய்தல். ஒரு நாட்டார் கூறும் சொல் மற்றொரு நாட்டார்க்கு விளங்காவிடின் ஒப்பீடு என்பதே இல்லை. இது கருதியே அவ்விதழில் ஒவ்வொரு நாட்டிலும் இக்கல்வி எவ்வாறு வளர்ந்தது என்பதை விளக்கும் கட்டுரை வரிசையொன்று வெளியிடப்பட்டது. இரண்டாவது, இதழைத் தவணை தவறாது வெளியிடுதல். கட்டுரையைப் பெற்று, அத்துறை வல்லார் இருவர் மூவரிடம் காட்டி, திருத்தி, உரிய காலத்தில் அச்சேற்றுவது ஆரவாரமற்ற பணி. சங்கத்தின் உயிர்மூச்சு அதுவே. மூன்றாவது, மாநாட்டை ஓரிடத்தில் கட்டிவைக்காது உலகெங்கும் கொண்டு செல்லுதல். 2007இல் பிரேசிலின் ஊரோ பிரேத்தோவிலும், 2009இல் சீனத்தின் குவாங்சோவிலும், 2014இல் போர்த்துக்கலின் போர்த்தோவிலும் மாநாடுகள் கூடின. பெருந்தொற்று பரவிய 2020இல் மாநாடு இணையவழியே நடைபெற்றது, தொடர்ச்சி அறவில்லை.

தொடர்ச்சியின் அருமையைத் தமிழராகிய நாம் நன்கு அறிவோம். ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் அதன் மாநாடுகள் நிகழ்ந்தன. அடிகளார் 1980இல் மறைந்தார். 1995இல் தஞ்சாவூரில் எட்டாம் மாநாடு நடந்தபின், ஒன்பதாம் மாநாட்டைக் காண 2015 வரை இருபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சங்கத்தைத் தொடங்குதல் அரிது. இடையறாது நடத்துதல் அதனினும் அரிது. ஒருவர் விட்ட பணியை மற்றொருவர் ஏற்கும் வழக்கம் ஊன்றினாலன்றி எந்த மன்றமும் நிலைபெறாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கொன்சன் கூறிய மூன்று உறுப்புகளையும் கையிலே கொண்டு அக்கரப்பத்தனையைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றைப் பாருங்கள். பாதை உண்டு, கட்டடமும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயமே அக்கட்டடம். ஆனால் மனை எங்கே? அந்த உறுப்பே இல்லை! நூறாண்டுக்கு மேலாகத் தேயிலையை வளர்த்த மக்களுக்குச் சொந்தமான நிலத்துண்டு இருந்ததில்லை என்னும் வரலாறு முழுவதும் இந்த ஓர் இன்மையில் அடங்கிக் கிடக்கின்றது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் நிலத்தோடு எழுந்துவரும் தனி வீடுகள் வெறுங் கட்டட மாற்றம் அல்ல. நம் ஊர்ப்படத்தில் மனை என்னும் கோடு முதன்முதலாக வரையப்படுகின்றது என்பதே அவற்றின் பொருள்.

ஐரோப்பிய நகரங்களைக் கண்டு வகுக்கப்பட்ட இலக்கணம் லயத்தையும் விளக்க வல்லதா என்று ஆராய்வது அவ்வுலகச் சங்கத்துக்கும் பயன் தரும். அதற்குரிய சான்றைத் தரவேண்டியவர் நாமே. லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் மக்கள் இன்னலுற்றனர்; ஆதலால் அவை மறைவதற்காக எவரும் வருந்த வேண்டுவதில்லை. ஆயினும் அளந்து வரையாமல் அவை மறைந்துவிடின், நம் பாட்டன்மார் வாழ்ந்த விதத்தைக் காட்டும் சான்றும் உடன் மறையும்.

மலையகப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் ஓர் அளவுநாடாவும் கட்டத்தாளும் கொண்டு இப்பணியைச் செய்யலாம். லயம், பிரட்டுக்களம், மடுவம், பீலி, கோயில், துரை பங்களா ஆகியவை எங்கெங்கே நிற்கின்றன, எது மேட்டில், எது பள்ளத்தில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எத்தனை அடி என்பனவற்றைக் குறித்தல் வேண்டும். வரைந்த ஆண்டையும் மக்கள் வழங்கும் பெயர்களையும் அவ்வாறே எழுதுதல் வேண்டும். படத்தின் ஒரு படியைப் பாடசாலை நூலகத்தில் வைத்து, அடுத்த ஆண்டு மாணவரிடம் பணியை ஒப்படைத்தல் வேண்டும்.

சொல்லை ஒழுங்கு செய்தல், தவணை தவறாமை, அடுத்தவரிடம் ஒப்படைத்தல் ஆகிய இம்மூன்றுமே உலகச் சங்கங்களைத் தாங்கும் தூண்கள். ஒரு சிறு பாடசாலையின் மன்றத்திலும் இவற்றைத் தொடங்க இயலும்.