சாம்பலும் சூரியத் தகடும்

சாயர்புரத்தில் எங்கள் மத்ரஸாவின் மொட்டை மாடியில் சோலார் தகடுகள் இருக்கின்றன. கடற்காற்றின் உப்பும் சாலைப் புழுதியும் படிந்து, கோடையில் மின்சாரம் குறைவதை மீட்டரிலேயே கண்டோம். அவ்வேளையில் ஒருவர் வந்தார். ஆலைக் கழிவிலிருந்து செய்த பூச்சு ஒன்றைத் தகட்டின் மேல் பூசினால் மின்சாரம் பெருகும் என்றார். நிர்வாகத்தினர் என் முகத்தைப் பார்த்தனர். நானோ இலக்கியம் பயின்றவன். எனினும் ஜமாஅத்தின் பணமாயிற்றே! தேடிப் படித்தேன். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் 3 கிலோவாட் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் அளித்தபின், இத்தகையோர் உங்கள் வாசலுக்கும் வரக்கூடும்.

கண்ணாடி தன்மீது விழும் ஒளி முழுவதையும் உள்ளே விடுவதில்லை. ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிவிடுகிறது. நுண்துளைகள் நிறைந்த சிலிக்காப் படலம் ஒன்றை அதன்மேல் படியவைத்தால், அவ்விழப்பின் ஒரு பகுதி மீள்கிறது. உட்செல்லும் ஒளி 2 முதல் 3 விழுக்காடு கூடுகிறது. அப்படலத்தின் தடிப்பு 100 முதல் 150 நானோமீட்டர். தலைமுடியில் 500இல் ஒரு பங்கு எனலாம். தூசு ஒட்டாமல் காக்கும் பூச்சுகளும் உண்டு. ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் அத்தகைய ஒன்றை உருவாக்கியுள்ளது.

சிலிக்காவைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1979இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம், 210 மெகாவாட் திறனுள்ள 5 அலகுகளாக வளர்ந்தது. இந்திய நிலக்கரி 100 டன் எரிந்தால் 30 முதல் 40 டன் சாம்பல் எஞ்சும். அதில் பாதிக்கு மேல் சிலிக்காவே. ஆயினும் சாம்பலை அப்படியே குழைத்துப் பூச இயலாது. அதிலுள்ள இரும்பும் எரியாத கரியும் ஒளியை விழுங்கிவிடும். காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடேற்றி, வடிகட்டி, பின் அமிலம் சேர்த்தால் சிலிக்கா கூழாகப் பிரிகிறது. அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலில் இவ்வேலை இன்னும் எளிது. இவ்வாறு பெற்ற சிலிக்காவால் ஆய்வுக்கூடங்களில் படலங்கள் செய்து பார்த்திருக்கின்றனர்.

இதனால் சாம்பல் மேடுகளே கரைந்துவிடும் என்றும் வந்தவர் சொன்னார். ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு அவ்வளவு மெல்லிய படலமிட 1 கிராம் சிலிக்காகூட வேண்டியதில்லை. பிறகு மேடு எப்படிக் கரையும்? அதற்குச் செங்கல்லும் சிமெண்டுமே வழி.

அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். இன்றைய தகடுகளில் பெரும்பாலானவை ஆலையிலேயே இப்படலம் இடப்பட்ட கண்ணாடியோடு வருகின்றன. அதன்மேல் இன்னொன்று எதற்கு? நம் உப்புக் காற்றையும் வெயிலையும் இது எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதற்குச் சோதனைச் சான்றிதழ் உண்டா? முதற்கேள்விக்கு அவர் மௌனமானார். இரண்டாவதற்குக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

இப்பொழுது வாரம் ஒருமுறை, சுப்ஹு தொழுகைக்குப் பின், கண்ணாடி சூடேறுமுன், நல்ல தண்ணீர் ஊற்றி மென்துணியால் துடைக்கிறோம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் கூடாது. காய்ந்ததும் வெள்ளையாய்ப் படிந்து ஒளியை மறைக்கும். பிள்ளைகளை மாடிக்கு அனுப்புவதில்லை. பூச்சுக்காரரிடம், சான்றிதழோடு வந்தால் பேசலாம் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினோம்.