உறைந்துபோன நிலையத்துக்கு உயிர் கொடுத்த இருவர்

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா போய்த் தங்கிய இடம் சல்யூட் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையம். அங்கிருந்து அவர் இந்திரா காந்தியோடு பேசியது நம்மில் பலருக்கும் மனப்பாடம். அவர் திரும்பி வந்த ஓராண்டுக்குள் அதே நிலையம் மின்சாரம் இல்லாமல் உறைந்துபோனதும், இரண்டு பேர் மேலே போய் அதை மீட்டதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. முதலில் பறந்தவர், முதலில் நிலாவில் கால் வைத்தவர் என்று முதலாமவர்களையே கொண்டாடிப் பழகிவிட்டோம். பழுது பார்த்தவர்களுக்கும் அந்த வரிசையில் இடம் வேண்டும் என்பவன் நான்.

1985 பிப்ரவரி 11 அன்று நிலையத்தில் ஆள் யாரும் இல்லை. கடைசியாக இருந்த கிஸிம், சொலொவ்யோவ், அத்கோவ் மூவரும் 237 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு முந்தைய அக்டோபரிலேயே பூமிக்குத் திரும்பியிருந்தார்கள். அன்று மின்சுற்றில் ஏற்பட்ட கோளாறில் ரேடியோ அணைந்தது. பூமியிலிருந்த கட்டுப்பாட்டாளர்கள் மாற்று ரேடியோவுக்கு மாறி, பழையதை மறுபடி இயக்கிப் பார்த்தார்கள். அதோடு தொடர்பு அடியோடு அறுந்தது. சுமார் 20 டன் எடையுள்ள ஒரு நிலையம் யார் பேச்சுக்கும் பதில் சொல்லாமல் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடின்றி விழுந்த அமெரிக்காவின் ஸ்கைலேப், 1979இல் ஆஸ்திரேலியாவில் துண்டு துண்டாகச் சிதறியது எல்லோர் நினைவிலும் இருந்தது. அடுத்த நிலையமான மிர் இன்னும் ஏவப்படவில்லை.

சரி, ஆளை அனுப்பலாம். எப்படி இணைவது? வழக்கமாக நிலையமும் விண்கலமும் ரேடியோவில் பேசிக்கொண்டு, தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுத் தாமாகவே இணையும். இங்கே ஒரு தரப்பு ஊமை. அதனால் விண்கலத்தின் தானியங்கி இணைப்புக் கருவியையே கழற்றிவிட்டார்கள். மூன்றாவது இருக்கையையும் எடுத்துவிட்டு, கூடுதல் எரிபொருளும் தண்ணீரும் ஏற்றினார்கள். தலைவர் விளாதிமிர் ஜானிபெகோவுக்கு இது ஐந்தாவது பயணம். 1982இல் இதே நிலையத்துடன் விண்கலத்தைக் கையால் இயக்கியே இணைத்துக் காட்டியவர். உடன் சென்ற விக்டர் சவினிக் பொறியாளர்.

ஜூன் 6இல் சோயுஸ் டி-13 புறப்பட்டது. பூமியிலுள்ள ரேடார்கள் நிலையத்தின் அருகே கொண்டுபோய் விட்டன. மீதித் தூரத்துக்குச் சவினிக் கையில் லேசர் தூரமானியைப் பிடித்து ஜன்னல் வழியே அளந்து எண்களைச் சொல்லச் சொல்ல, ஜானிபெகோவ் கலத்தை ஓட்டினார். சோலார் பேனல்கள் ஒன்றுக்கொன்று கோணலாக நிற்பதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது: உள்ளே மின்சாரம் துளியும் இல்லை. ஜூன் 8இல் இணைந்தார்கள்.

முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனபோது கும்மிருட்டு. சுவர்களில் பனி படிந்திருந்தது. சுவரில் துப்பிப் பார்த்தார்கள். எச்சில் சில நொடிகளில் உறைந்தது. முந்தைய குழு ரஷ்ய வழக்கப்படி ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பு சொல்லியிருந்தது; ரொட்டிக்குப் பதில் ரஸ்க், உப்புக்கு மாத்திரை. கம்பளித் தொப்பியும் தடித்த உடையும் அணிந்து இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். நிலையத்தின் தண்ணீர் மொத்தமும் உறைந்து கிடந்தது. கொண்டுபோன தண்ணீர் சில நாட்களுக்குத்தான்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. எடையற்ற நிலையில், மின்விசிறி ஓடாவிட்டால் விடும் மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். கரியமில வாயு சேர்ந்து தலைவலியும் மயக்கமும் வரும். அதனால் ஒருவர் உள்ளே வேலை செய்யும்போது மற்றவர் விண்கலத்தில் இருந்து கண்காணிக்க வேண்டும் என்று கட்டளை.

கோளாறின் மூலம் ஒரு சென்சார். பேட்டரி நிரம்பியதும் சார்ஜைத் துண்டிப்பது அதன் வேலை. பழுதாகிப்போன அது, காலி பேட்டரியையும் நிரம்பிவிட்டதாகவே சொன்னது. பேனலில் வெயில் படும், சார்ஜ் ஏறத் தொடங்கும், உடனே துண்டிக்கப்படும். ரேடியோ மட்டும் இருந்திருந்தால் பூமியிலிருந்தே இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கலாம். பேட்டரிகள் வற்றிப்போக, ஹீட்டர்கள் நின்று எல்லாம் உறைந்தன.

பேனலை பேட்டரியோடு சேர்க்கும் சுவிட்சை இயக்கவே மின்சாரம் வேண்டும். அதுதான் இல்லையே! விண்கலத்தின் மின்சாரத்தைக் கொடுக்கலாம் என்றால், நிலையத்தில் எங்காவது ஷார்ட் சர்க்யூட் இருந்து கலத்தின் மின்சாரமும் போய்விட்டால் வீடு திரும்ப வழியில்லை. ஆகவே எட்டு பேட்டரிகளில் தேறிய ஆறை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் வயர்களை முறுக்கி டேப் சுற்றி, பேனல்களோடு நேரடியாக இணைத்தார்கள். பிறகு சோயுஸின் எஞ்சின்களால் நிலையத்தையே திருப்பி, பேனல்களைச் சூரியனுக்குக் காட்டினார்கள். சார்ஜ் ஏறியது. விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பனி உருகி எங்கும் ஈரம். ஒரு துளி வயருக்குள் போனாலும் மறுபடி கெடும். கிடைத்த துணியையெல்லாம் கிழித்துத் துடைத்தார்கள். விண்வெளி வீரர் என்றதும் நம் கண்ணில் தெரியும் வெள்ளை உடைக் கம்பீரத்தைவிட, கையில் ஈரத்துணியோடு நிற்கும் இந்த இருவர் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

ஜூன் 23இல் சரக்குக் கலம் வந்து இணைந்தது. அந்தச் சரக்கைப் பிரிக்கும்போதுதான், சுழன்றபடி மிதந்த ஒரு மரை அடிக்கடி தானாகத் தலைகீழாகப் புரள்வதை ஜானிபெகோவ் கவனித்தார். இயற்பியலில் அது இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆகஸ்ட் 2இல் இருவரும் வெளியே போய்க் கூடுதல் சோலார் பேனல்களைப் பொருத்தினார்கள். ஜானிபெகோவ் செப்டம்பரில் இறங்கினார். சவினிக் புதிய குழுவோடு நவம்பர் வரை இருந்தார். 1986இல் மிர் நிலையத்திலிருந்து கிஸிமும் சொலொவ்யோவும் இங்கே வந்து தங்கினார்கள். ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மனிதர் போனது அதுவே முதல் தடவை. 1991 பிப்ரவரியில் சல்யூட் 7 வளிமண்டலத்தில் எரிந்து அர்ஜென்டினாவில் சிதறியது.

1993இல் ஹபிள் தொலைநோக்கியைச் சரிசெய்ததும் மகத்தான சாதனைதான். ஆனால் அங்கே எது பழுது என்று தெரிந்து, கருவிகள் செய்து, நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டுப் போனார்கள். ஜானிபெகோவும் சவினிக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போனவர்கள். விண்வெளியில் நடந்த பழுதுபார்ப்பு வேலைகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.