பிரட்டுக்களமும் பெருந்தெருவும்: கொள்ளைநோய்க் காலத் தடைகளும் அமைதியாக ஒன்றுகூடும் உரிமையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருந்தெரு, ஊவா மாகாணத்துட் புகுந்து ஹல்துமுல்லையைக் கடந்தபின் பெரகலச் சந்தியை அடைகின்றது. அங்கிருந்து ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளையை நோக்கிச் செல்ல, மற்றையது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இத்தகைய சந்திகளுக்குத் தோட்டத் தொழிலாளரின் பொதுவாழ்விலே தனியொரு முக்கியத்துவம் உண்டு. தோட்டத்தினுள்ளே லயமும், மலையும், தொழிற்சாலையும், பிள்ளைக்காம்பராவும், ஏன், பல இடங்களிற் கோயில் முற்றமுங்கூட, நிர்வாகத்தின் ஆளுகைக்குட்பட்ட நிலத்திலேயே அமைந்துள்ளன. கிராமத்தவர்க்குச் சந்தையும் நகரத்தவர்க்கு மைதானமும் பொதுவிடமாக அமைவது போல, தோட்டத்தவர்க்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டாத முதலாவது பொதுவிடம் பெருந்தெருவின் ஓரமேயாகும். சம்பளக் கோரிக்கையாயினும் மண்சரிவு நிவாரணமாயினும் காணியுரிமையாயினும், அவர்கள் கொடி பிடித்துச் சந்திக்கு இறங்குவதன் காரணம் இதுவே. ஆகவே பொதுத் தெருவில் ஒன்றுகூடுதல் தடுக்கப்படும்போது நகரத்தவர் ஓரிடத்தை இழக்கின்றனர். தோட்டத்தவரோ தமக்குள்ள ஒரேயிடத்தை இழக்கின்றனர். கொவிட் கொள்ளைநோய்க் காலத்தில் இலங்கையில் விதிக்கப்பட்ட தடைகளை இந்நோக்கிலே ஆராய்தல் பயனுடைத்து.

2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முறைப்படி பிரகடனஞ் செய்யப்படாத இவ்வூரடங்கின் சட்ட அடிப்படை யாதெனச் சட்டத்தரணிகள் பலர் அப்போதே வினவினர். கடைகள் மூடப்பட்டன, பேருந்துகள் நின்றன. ஆயினும் தேயிலைத் தோட்டங்கள் இயங்குவதற்கு அனுமதியளிக்கப்பட்டது. அந்நியச் செலாவணியின் தேவை அத்தகையது. காலையிற் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் தொழிலாளர் வழமைபோற் கூடினர். இடைவெளி பேணுமாறு அறிவுறுத்தல்கள் விடுக்கப்பட்டன என்பது உண்மையே. அவ்வறிவுறுத்தல்களைக் கொண்டு வேலைக்கான ஒன்றுகூடலைப் பாதுகாப்பாக்கலாமெனின், கோரிக்கைக்கான ஒன்றுகூடலையும் அவ்வாறே பாதுகாப்பாக்க இயலாதது ஏன்? நோய்க் கிருமி கூட்டத்தின் நோக்கத்தை ஆராய்ந்து தொற்றுவதில்லை. தடையொன்று நோயைக் குறித்து விதிக்கப்பட்டதா, அன்றி எதிர்ப்புக் குரலைக் குறித்து விதிக்கப்பட்டதா என்பதை அளந்தறிவதற்கு இவ்வினாவினுஞ் சிறந்த அளவுகோல் இல்லை எனலாம்.

இனிச் சட்டத்தின் நிலையை நோக்குவாம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14(1)(ஆ) உறுப்புரையில், அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. இது கட்டற்ற உரிமையன்று. 15(3) உறுப்புரை இன, மத நல்லிணக்கத்தின் பொருட்டும், 15(7) உறுப்புரை தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமை முதலியவற்றின் பொருட்டும் இதனைக் கட்டுப்படுத்த இடமளிக்கின்றன. பொதுச் சுகாதாரம் என்னுஞ் சொல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருத்தலின், கொள்ளைநோயைக் காரணங்காட்டிக் கூட்டங்களைக் கட்டுப்படுத்துதல் தன்னளவிற் சட்டவிரோதமானதெனக் கூறுதல் பொருந்தாது.

ஆனால், கட்டுப்பாடு 'சட்டத்தினால்' விதிக்கப்படல் வேண்டும் என்பதே 15(7) உறுப்புரையின் உயிர்நாடி. சட்டம் என்றாற் பாராளுமன்றத்தின் சட்டமும் முன்னைய சட்டவாக்க மன்றங்களின் சட்டங்களுமே என 170ஆம் உறுப்புரை வரைவிலக்கணந் தருகின்றது. 15(7) உறுப்புரை இவ்வரைவிலக்கணத்தை ஓர் அளவுக்கு விரிக்கின்றது: பொதுமக்கள் பாதுகாப்புப் பற்றிய சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளும் 'சட்டம்' எனக் கொள்ளப்படும் என்கின்றது. வேறெந்தச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளையும் அது குறிப்பிடவில்லை. கொவிட் காலக் கட்டுப்பாடுகளோ பெரும்பாலும் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தையும் அதன் கீழ் அமைச்சர் ஆக்கிய ஒழுங்குவிதிகளையும் ஆதாரமாகக் கொண்டவை. முகக்கவசத்தையும் இடைவெளியையும் கட்டாயமாக்கிய 2020 ஒக்டோபர் ஒழுங்குவிதிகள் அவற்றுட் சில. கட்டளைச் சட்டமே சட்டமாதலின் அதன் கீழ்ப் பிறந்த ஒழுங்குவிதியும் அதன் வலுவைப் பெறும் என ஒருசாரார் வாதிடக்கூடும். ஒன்றை வெளிப்படையாகக் கூறி ஏனையவற்றைக் கூறாது விட்டமை, ஏனையவற்றை விலக்கியமையே என்பது எமது கருத்து. இவ்விரு வாதங்களுள் எது வெல்லினும், ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்கு எழுதும் கடிதம் எவ்வகையிலுஞ் 'சட்டம்' ஆகாது. இதனை மீண்டுங் கருத வேண்டிய இடம் பின்னர் வரும்.

1897ஆம் ஆண்டு தற்செயலானதன்று. முந்திய ஆண்டிற் பம்பாயிற் கொள்ளைநோயாகிய பிளேக் பரவியது. இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டம் அதே 1897இல் நிறைவேறியது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய காலமது. கடல்கடந்து வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டு, அம்மைப்பால் வைக்கப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டனர். தனிமைப்படுத்தல் என்பது நகரத்தவர்க்கு 2020இல் அறிமுகமான சொல்லாயினும், மலையகத்தவரின் முன்னோர் அதனை உடலால் அறிந்தவர்கள்.

ஒன்றுகூடும் உரிமையும் அவர்களுக்கு எளிதில் வாய்த்ததன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பிற் சத்தியாக்கிரகம் இருந்தது. வாக்கற்ற மக்களுக்குக் கூட்டமே வாக்காயிற்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையின் உரிமைகளைப் பிரசைகளுக்கே உரியனவாக்கிற்று. வேறெந்நாட்டின் பிரசையுமல்லாது இலங்கையில் நிரந்தரமாகவும் சட்டபூர்வமாகவும் வதிந்தோர்க்கு அவற்றைப் பத்தாண்டுக் காலத்திற்கு மட்டும் நீட்டியது 14(2) உறுப்புரை. பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவுமான உரிமைக்குக் காலக்கெடு விதிக்கப்பட்ட விந்தை இது. சட்ட நூல்களிற்கூட இவ்வுறுப்புரை உரிய கவனத்தைப் பெறவில்லை. 1988, 2003ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களே இக்குறையைத் தீர்த்தன.

பழைய ஆணையொன்றைப் புதிய தேவைக்குப் பயன்படுத்துதலுக்கும் தோட்ட வரலாற்றிலே முன்னுதாரணம் உண்டு. 1937இல் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பயிற்சி பெறவந்த பிரேஸ்கேடில் என்னும் வெள்ளையர், லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்து நாவலப்பிட்டிக் கூட்டத்திலே தொழிலாளர்க்காகப் பேசினார். தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது பிரித்தானிய முடி 1896இற் பிறப்பித்த ஆணையொன்று. அவ்வதிகாரம் நெருக்கடி நிலையொன்று நிலவும்போதன்றிப் பயன்படுத்தப்படலாகாது எனத் தீர்த்து, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1896இன் ஆணையும் 1897இன் கட்டளைச் சட்டமும் ஏறத்தாழ ஒத்த வயதினவாதல் காண்க. ஊவாவைப் பொறுத்தவரை, 1940இற் பதுளைக்கு அணித்தான வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தம் குறிப்பிடத்தக்கது. அங்கே தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்து நிர்வாகத்துடன் சமநிலையிற் பேச முற்பட்டனர். இறுதியில் அவ்வியக்கம் பொலிசாரின் அடக்குமுறையால் முறியடிக்கப்பட்டது.

கொவிட் கால நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்கின் சீரின்மை புலப்படும். 2020 மே 26ஆந் திகதி அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். 31ஆந் திகதி நோர்வூட்டில் இறுதிக்கிரியை நடந்தது. நுவரெலியா மாவட்டத்தில் ஊரடங்கு விதிக்கப்பட்டிருந்தும், பூதவுடல் சென்ற வழியெங்கும் மக்கள் திரண்டு நின்றனர். தலைவரை இழந்த மக்களின் துயரத்தை யாரும் குறைகூறார். அரசும் அதனைப் பொறுத்துக்கொண்டமை முறையே. ஆனால், பத்து நாள் கழியுமுன், யூன் 9ஆந் திகதி, அமெரிக்காவிற் பொலிசாரின் கையில் ஜோர்ஜ் புளொய்ட் இறந்தமையைக் கண்டித்துக் கொழும்பிற் கூடிய முன்னிலை சோசலிசக் கட்சியினர் 53 பேர் கைதாயினர். ஓகஸ்ட் 5ஆந் திகதி பொதுத்தேர்தல் நடந்தது. அதற்கான பிரசாரக் கூட்டங்கள் சுகாதார விதிகளுக்கமைய அனுமதிக்கப்பட்டன. அதாவது, விதிகளோடு கூடுதல் இயலுமென அரசே ஏற்றுக்கொண்டிருந்தது. ஒக்டோபரில் எழுந்த பேரலை மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் இனங்காணப்பட்டது, அதுவும் வேலைத்தலமே.

2021 பெப்ரவரி 5ஆந் திகதி, நாட்சம்பளமாக 1000 ரூபா கோரி மலையகத்தில் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நடைபெற்றது. அதே நாள்களில், பெப்ரவரி 3 முதல் 7 வரை, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை சென்ற பேரணியும் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக இவ்வாயிரம் ரூபாவைச் சேர்த்துக்கொண்டது. மார்ச் மாதத்திலே சம்பளச் சபையின் தீர்மானத்தின்படி 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா வரவுசெலவுத்திட்டப் படியுமாக 1000 ரூபா வர்த்தமானியில் வெளியாயிற்று. நாட்சம்பளத்தை எழுப்பியது கூட்டந்தானா என்பது விவாதத்திற்குரியது; கூட்டமின்றி எழுந்திராது என்பதிற் பெரும் ஐயமில்லை.

தடையின் உச்சம் 2021 யூலையில் வந்தது. அம்மாதம் 6ஆந் திகதி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், ஆர்ப்பாட்டங்களும் பொதுக்கூட்டங்களும் மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படல் வேண்டுமெனப் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் எழுதினார். 8ஆந் திகதி, கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்திற்கு அணித்தே கூடியோருள் 30க்கு மேற்பட்டோர் கைதாயினர். இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அவர்களுள் ஒருவர். நீதவான் பிணை வழங்கினார். பிணை பெற்று வெளியே வந்தோர் வலிந்து ஏற்றப்பட்டு, அவர்களுள் ஒரு பகுதியினர் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமிலுள்ள தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஊவாவிலும் அம்மாதமே, பொரலந்தையில் உரப் பிரச்சினை குறித்துக் குரலெழுப்பிய ஆர்ப்பாட்டத்தின் தொடர்பிற் கைதுகள் நிகழ்ந்தன.

பிணையின் பின் தனிமைப்படுத்தல் என்னும் இந்நடைமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோயாளரோடு பழகியவரைப் பிரித்து வைத்தல் மருத்துவம். நீதிமன்றம் விடுவித்தவரைக் கூட்டத்திற் சேர்ந்தார் என்ற காரணத்தால் நெடுந்தூரம் கொண்டுசென்று அடைத்தல், மருத்துவத்தின் பெயரைத் தாங்கிய தடுப்புக்காவலேயாகும். நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நின்று வேலை செய்த தொழிற்சாலை வாயிலில் இவ்வாறு எவரும் ஏற்றப்படவில்லை. இதன் பின்னரும் கூட்டங்கள் ஓயவில்லை. அதே யூலையிற் கொழும்பில் வீட்டுவேலைக்கு அமர்த்தப்பட்ட டயகமச் சிறுமியொருத்தி தீக்காயங்களால் இறந்தபோது, நீதி கோரி மலையகத்தின் பல நகரங்களில் மக்கள் முகக்கவசத்தோடு தெருவிலே நின்றனர்.

இலங்கை 1980இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 21ஆம் உறுப்புரையும் பொதுச் சுகாதாரத்தைக் காரணமாக ஏற்கின்றது; ஆயினும் கட்டுப்பாடு சட்டத்திற்கமைந்ததாயும் சனநாயக சமுதாயத்தில் அவசியமானதாயும் இருத்தல் வேண்டுமென்கின்றது. 2020 யூலையில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு வெளியிட்ட 37ஆம் பொதுக் கருத்துரை, தொற்றுநோய்க் காலத்திற் கட்டுப்பாடு பொருந்தலாமென ஏற்றுக்கொண்டே, கூட்டங்கள் அனைத்தையும் ஒருசேரத் தடுத்தல் அளவுக்கு மீறியதாகவே முதற்கண் கருதப்படும் என்றது. 2020 ஏப்பிரிலில் ஜேர்மனியின் கீசன் நகரம் கூட்டமொன்றைத் தடுத்தபோது, குறித்த கூட்டத்தின் இயல்பைத் தனித்து ஆராயாது தடுத்தமை தவறென அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கண்டது. அதே மாதம் தெல் அவீவிலே ஆயிரக்கணக்கானோர் இரண்டு மீற்றர் இடைவெளி விட்டு நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர்.

லயங்களின் நெருக்கத்தை அறிந்தோர், தொற்று அங்கு புகுந்தால் விளையும் கேட்டை அஞ்சுதல் இயல்பு. ஒரே கூரையின் கீழ்த் தொடர்வீடுகள், பலருக்குமான தண்ணீர்க் குழாய், தொலைவிலுள்ள வைத்தியசாலை என்பன அவ்வச்சத்துக்குக் காரணங்கள். ஆனால் இவ்வச்சத்திற்கு விடை லயத்தைச் சீர்படுத்துதலேயன்றி, லயத்தைச் சீர்படுத்துமாறு கோருவோரைக் கலைத்தலன்று. எண்ணிக்கைக்கு வரம்பு, இடைவெளி, முகக்கவசம், திறந்த வெளி, குறித்த நேரம் ஆகியன தடையினும் இலேசானவை. தேர்தற் காலத்திற் பரீட்சிக்கப்பட்டவை. இத்தகைய ஒழுங்குகள் இருக்கவும் 'மறு அறிவித்தல் வரை' எனக் காலவரையின்றித் தடுத்தமையே 2021 யூலைக் கடிதத்தின் பெருங்குறை.

2025 யூலை 23ஆந் திகதி உயர் நீதிமன்றம், 2022 யூலை 17ஆந் திகதி பதில் சனாதிபதி பிரகடனஞ் செய்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியதெனப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அது கொள்ளைநோய் பற்றிய வழக்கன்று. எனினும் நிறைவேற்றுத்துறை நெருக்கடியென்று கூறிய மாத்திரத்தே நீதிமன்றம் வாளாவிருக்க வேண்டியதில்லை என்பது அதனாற் பெறப்படும். 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் திருத்தப்படுமாயின், ஒன்றுகூடலைக் கட்டுப்படுத்தும் ஒவ்வொரு விதியும் வர்த்தமானியில் வெளியிடப்படல், காலவெல்லை குறித்தல், பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படல், தனிமைப்படுத்தலுக்கு மருத்துவக் காரணம் எழுத்தில் வழங்கப்படல் ஆகியன அதிற் சேர்க்கப்படல் வேண்டும்.

தோட்டங்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளிலே பணிசெய்வதற்குத் தடையாயிருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தி ஹல்துமுல்லை, அப்புத்தளைப் பகுதிச் சபைகள் தோட்டந்தோறும் கம்பனியின் அனுமதி வேண்டாத ஒரு பொது முற்றத்தை அமைப்பின், தொழிலாளர் அடுத்த நெருக்கடியிலே இடைவெளி விட்டு நிற்பதற்கேனும் இடம் கிடைக்கும்.