கத்தரியில் நுனி வாடுகிறதா? உப்புத் தண்ணீரை மட்டும் பழிக்காதீர்!

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தின் இலவம்பாடி முள் கத்தரி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆம்பூரிலோ பிரியாணிக்குத் துணை எண்ணெய்க் கத்தரிக்காய்தான். ஆகவே இப்பகுதியில் முதன்முதலாகக் காய்கறியில் இறங்குவோர் பத்து சென்ட்டிலாவது கத்தரி நடத் துணிவது இயல்பே. நட்ட சில வாரங்களில் அவர்களைக் கலங்கடிப்பது நுனி வாடல்.

பாலாற்றோரத்தில் இதைக் கண்டதும் கிணற்று உப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தோல் பதனிடும் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த பகுதியில் இந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் உப்பின் அடையாளம் வேறு. அடி இலைகளின் ஓரம் கருகும். செடி முழுவதும் குன்றும். வயலில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு கிளையின் கொழுந்து மட்டும் தலை தொங்கி, மற்றவை பசுமையாக நின்றால் தண்டு மற்றும் காய்த் துளைப்பானைத் தேட வேண்டும். நுனியைப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். வளர்ந்த புழு இளஞ்சிவப்பாயிருக்கும்.

தாய் அந்துப்பூச்சி இரவில் முட்டையிடுகிறது. பொரித்த புழு சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ, காம்பு மூடிக்கு அடியில் காய்க்குள்ளோ புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்கிறது. பிறகு மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. காயில் நாம் காணும் வட்டமான ஓட்டை, பெரும்பாலும் புழு வெளியேறிய வழியே. அதைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடுவது திருடன் போனபின் கதவைச் சாத்துவது போல. மேலும், செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் பெருகும். சில நாட்களுக்கு ஒருமுறை பறித்து உண்ணும் காயில் நஞ்சும் தங்கும்.

சிறிய தோட்டத்தில் கையே சிறந்த கருவி. வாரம் இருமுறையாவது வாடிய நுனிகளை, வாட்டத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி, சொத்தைக் காய்களையும் பறித்து எரித்துவிட வேண்டும். வரப்பில் வீசினால் புழு இறங்கி, சருகிலும் மண்ணிலும் கூண்டு கட்டி, மீண்டும் அந்தாகி வரும். இந்த வேலையை அடுத்த தோட்டக்காரரும் செய்தால்தான் முழுப் பலன் உண்டு.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வைக்கலாம். பத்து சென்ட்டுக்கு ஒன்று போதும். கத்தரித் துளைப்பானுக்குரிய கவர்ச்சிக் குப்பிதானா என்று கேட்டு வாங்குவது அவசியம். வேறு பூச்சிக்குரியதை வைத்தால் இந்த அந்து விழாது. பொறியில் சிக்குவது ஆண் பூச்சி மட்டுமே. ஆகவே பொறி வைத்தாயிற்று என்று நுனி கிள்ளுவதை நிறுத்தக் கூடாது.

பூச்சி விழத் தொடங்கியதும் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். பத்து சென்ட்டுக்கு ஒரு கிலோ பருப்பை இடித்து, சிறிது தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடித்து 20 லிட்டராக்கி, 40 கிராம் சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கவும். இலையின் அடிப்புறம் நன்கு நனைய வேண்டும். புழு புகுமுன் படவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பேனும் அசுவினியும் வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. கொஞ்சமாக இருந்தால் பொறிவண்டுகளே பார்த்துக்கொள்ளும்.

காய்ப்பு ஓய்ந்த செடியை மறுதாம்பு விடாமல் பிடுங்கிவிட வேண்டும். விறகுக்கு என்று காய்ந்த கத்தரிமாரை வயலோரம் அடுக்கி வைப்பது இப்பக்க வழக்கமாயின், அதை நாற்று விடுமுன்பே எரித்துத் தீர்க்கவும். சந்தேகமிருப்பின் வாடிய நுனியுடன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.